ஹெட்லைட்டை மாத்துறதா, வொஷர் பூட்டுறதா? புணானை ரோட்டுக்கு எது சரிவரும்?

கல்லடி விட்ஸ்
எல்லாருக்கும் வணக்கம். என்ட கார் 2008 டொயோட்டா விட்ஸ், மொடல் கேஎஸ்பி90, டிம்மும் ஹை பீமும் ஒரே பல்புல உள்ள எச்4 ஹலஜன் பல்ப். வேலை பொலன்னறுவையில, வெள்ளிக்கிழமை வேலை முடிச்சு வெளிக்கிட்டா மன்னம்பிட்டி தாண்டக்குள்ளயே இருண்டுரும். அங்கால வெலிகந்த, புணானை எண்டு காட்டு ரோட், யானை ஏறுற இடம், சொல்லத் தேவல்ல. டிம் போட்டா முன்னுக்கு கொஞ்ச இடம் மட்டும் மஞ்சளா தெரியுது அதுக்கு அங்கால ஒண்டுமில்ல, ஹை பீம் போட்டா எதிர்ல வாற லொறிக்காரன் அவன்ட எல்ஈடியால திருப்பி அடிக்கான், அந்த நேரம் ரோட்டுக்கரையே தெரியாது.

மழை பெஞ்சு விட்டா பூச்சி வேற. ஓட்டமாவடிக்கு வந்து இறங்கிப் பாத்தா லைட் கண்ணாடி முழுக்க அப்பிக் கிடக்கு. எங்கட தெருவில ஒரு ஐரோப்பா கார் இரிக்கி, அதுல லைட்டுக்கு கீழ இருந்து ஒரு குழாய் வெளிய வந்து தண்ணி அடிச்சிட்டு உள்ளுக்கு போகுது. அத விட்ஸ்ல பூட்டலாமா? எல்ஈடி போடுறதா, எச்ஐடி எண்டுற செனன் பல்ப் போடுறதா, இல்ல இந்த வொஷரா, எதுக்கு முதல் காசு செலவழிக்கிற? தெரிஞ்சாக்கள் சொல்லுங்க.

ஏறாவூர் ஸ்பீட்
மச்சான் யோசிக்காம எல்ஈடி போடு. 6000 கெல்வின், வெள்ளை வெளேரெண்டு பத்தும். நான் போட்டிருக்கன், ரோட் பகல் போல கிடக்கு. பழைய பல்பக் கழட்டு இதப் பூட்டு, வயர் வெட்டத் தேவல்ல. வொஷர் எல்லாம் குளிர் நாட்டுக்காரன்ட வேலை.

வயரிங் காக்கா (கல்முனை)
தம்பி கல்லடி, ஒண்டும் வாங்காதீங்க இப்ப. முதல்ல ரெண்டு விசயம் பாத்துச் சொல்லுங்க. ஒண்டு, லைட்டு கண்ணாடி மஞ்சளாப் போயிருக்கா, நகத்தால தடவினா சொரசொரக்குதா? ரெண்டாவது, எஞ்சின் ஓட லைட்டப் போட்டுட்டு பெற்றரியில எவ்வளவு வோல்ட், பல்ப் சொக்கட்டுக்கு பின்னால எவ்வளவு வோல்ட் எண்டு மீட்டர் வச்சுப் பாருங்க. இந்த ரெண்டும் பாக்காம பல்ப் மாத்திற ஆக்கள்தான் என்ட கராஜுக்கு கூட வாற.

ஏறாவூர் தம்பிக்கும் ஒண்டு சொல்லணும், கோவிக்காதீங்க. எச்4 பல்ப கையில எடுத்துப் பாருங்க, உள்ளுக்கு ரெண்டு கம்பி இரிக்கி. டிம் கம்பிக்கு கீழ ஒரு சின்ன தகட்டுக் கிண்ணம் இருக்கும், விரல் நகத்திட அரைவாசி கூட வராது. அந்தக் கிண்ணம்தான் கீழ போற வெளிச்சத்த மறைக்கிறது, அதாலதான் பல்புக்குப் பின்னால பளபளக்கிற ரிஃப்ளெக்டர்ட மேல் பாதியில மட்டும் வெளிச்சம் பட்டு ரோட்டுக்கு இறங்குது, எதிர்ல வாறவன்ட கண்ணுக்கு ஏறாது. ரிஃப்ளெக்டர்ட வளைவெல்லாம் அந்தக் கம்பி இரிக்கிற இடத்த வச்சு, ஒரு மில்லிமீட்டர் பிசகாம கணக்குப் போட்டு வார்த்தது. மலிவு எல்ஈடியில சிப் தடிச்ச தகட்டுல ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கும், கம்பி இருந்த இடத்தில வெளிச்சம் பிறக்காது. கார்க்குக் கிட்ட பளிச்செண்டு வெள்ளையா விழும், உங்கட கண்ணும் அதுக்குப் பழகி சுருங்கிரும், தூரத்தில நிக்கிற மாடு இருட்டுக்குள்ள போயிரும். "பகல் போல" எண்டு நீங்க சொல்றது கார்ட மூக்குக்கு முன்னுக்கு இரிக்கிற வெளிச்சம் தம்பி. யானை நிக்கிறது அங்கால.

களுவாஞ்சிகுடி ரீச்சர்
நான் கார் ஆள் இல்ல, ஸ்கூட்டிதான் ஓடுறன், ஆனா இந்த இழையப் பாத்ததும் எழுதாம இருக்க ஏலாது. பின்னேர வகுப்பு முடிச்சு கல்முனை ரோட்டால வரக்குள்ள இந்த வெள்ளை லைட் கார் ஒண்டு எதிர்ல வந்தா எனக்கு ரெண்டு மூண்டு செக்கன் ஒண்டுமே தெரியாது. கரையில சைக்கிள்ல போற பிள்ளை இருந்தாலும் தெரியாது. ஹெல்மெட் கண்ணாடியில வெளிச்சம் சிதறிப் போகும், மழை எண்டா இன்னும் மோசம். அந்தச் செக்கனுக்குள்ள நான் கண்ண மூடிக்கொண்டு ஓடினதாத்தான் கணக்கு. ரோட் உங்கட தனிச் சொத்தில்ல. டிம்ல போட்டிருக்கன் எண்டு சொல்லுவாங்க, டிம்தான், ஆனா அந்த டிம்மே என்ட நெத்திக்கு வருது.

சுவிஸ் மட்டக்களப்பான்
ரீச்சர் சொன்னது நூற்றுக்கு நூறு. வொஷர் கதை கேட்ட தம்பிக்கு விளக்கமா எழுதுறன், நான் இங்க கார் வேலைதான்.

அந்த தண்ணி அடிக்கிற சாமான் அலங்காரத்துக்கு வந்ததில்ல. ஐரோப்பாவில ஐ.நா. ஒழுங்குவிதி 48 எண்டு ஒண்டு இரிக்கி. டிம்முக்கு பாவிக்கிற பல்புட வெளிச்ச அளவு 2000 லூமனுக்கு மேல போச்செண்டா லைட் கழுவுற சாமானும் இருக்கணும், பாரத்துக்கு ஏத்தமாதிரி லைட் தானா மேல கீழ போற லெவலிங்கும் இருக்கணும். காரணம் என்னெண்டா கண்ணாடியில ஊத்தை படிஞ்சா வெளிச்சம் குறையிறது ஒரு பக்கம், அந்த ஊத்தையில பட்டு வெளிச்சம் சிதறி மேல ஏறுறது மற்றப் பக்கம். பல்ப் பெரிசெண்டா சிதறலும் பெரிசு. எச்4 ஹலஜன் டிம் 55 வொட், 1000 லூமன் அளவு. எச்ஐடி டி2எஸ் 35 வொட், 3200 லூமன். மூண்டு மடங்குக்கு மேல. அதாலதான் 2000க்குள்ள நிக்கிற 25 வொட் டி5எஸ் எண்டு ஒரு எச்ஐடியே பிறகு செஞ்சாங்க, அதப் போட்டா வொஷர் பூட்டத் தேவல்ல.

இப்ப யோசிச்சுப் பாருங்க. ஊரில எச்ஐடி கிட் வாங்கி எச்4 ரிஃப்ளெக்டருக்குள்ள செருகிறாங்க. வொஷர் இல்ல, லெவலிங் இல்ல, வெளிச்சத்த நேரா வெட்டி விடுற ப்ரொஜெக்டர் இல்ல. மூண்டு மடங்கு வெளிச்சத்த 1000 லூமனுக்கு வார்த்த ரிஃப்ளெக்டருக்குள்ள கொட்டுறது. அது ரீச்சர்ட கண்ணுக்குத்தான் போகும்.

எல்ஈடி பல்பே கூடாது எண்டும் நான் சொல்லல்ல. ஜெர்மனியில 2020ல இருந்து சில நல்ல கொம்பனி எல்ஈடி பல்புக்கு அனுமதி குடுத்திருக்கான், ஆனா கார் மொடல் வாரியா பட்டியல் போட்டு. இந்தக் காருக்கு, இந்த லைட்டுக்கு, இந்த பல்ப் எண்டு சோதிச்சுப் பாத்துத்தான். பட்டியல்ல இல்லாத காருக்கு போட ஏலாது.

அக்கரைப்பற்று ஹைஏஸ்
ராவு ராவா கொழும்பு ஓடுற ஆள் நான், மட்டக்களப்பால போய் ஹபரணையால ஏறுற. சுவிஸ் அண்ணன் சொன்னது விளங்குது, ஆனா இஞ்சத்த ஊத்தை வேற ஊத்தை. அங்க ஐஸ் உருக்கிற உப்புச் சேறு. இஞ்ச நவம்பர் டிசம்பர்ல ஈசலும் வயல் பூச்சியும். பூச்சி லைட்டுச் சூட்டில காஞ்சு ஒட்டினா தண்ணி பீச்சினாப் போகாது. சேறு போகும், பூச்சி போகாது, ஊறணும், துணியால உரசணும்.

நான் செய்ற வேலை, ஒரு தண்ணிப் போத்தலும் பழைய பருத்தித் துணியும் எப்பவும் கதவுப் பொக்கட்டில. ஓட்டமாவடியில டீக்கு நிக்கக்குள்ள ஈரத்துணிய ரெண்டு லைட்டிலயும் ஒட்டி வச்சிட்டு டீயக் குடிச்சிட்டு வந்து துடைச்சா சுத்தமா வந்திரும். காட்டு ரோட்டுக்குள்ள ஏறுறதுக்கு முன்னுக்கு துடைக்கணும், புணானை தாண்டி இறங்கவே கூடாது, யானை பத்தைக்குள்ள நிண்டாலும் தெரியாது. முன் கண்ணாடியயும் உள்பக்கம் துடைங்க. உள்ளுக்கு படியிற அந்த மெல்லிய படலம்தான் எதிர் லைட்ட சிதறடிக்கிறது, கனபேர் லைட்டக் குறை சொல்லுவாங்க, கண்ணாடியப் பாக்க மாட்டாங்க.

கொக்கட்டிச்சோலை உழவு
வெள்ளாம வெட்டுக் காலத்தில நாங்களும் ராவில ரோட்டுக்கு ஏறத்தான் வேணும், வெள்ளாம வெட்டுற மெசினும் அதுக்குப் பின்னால பெட்டி இழுக்கிற உழவு மெசினும். பின்னுக்கு லைட் இல்லாத பெட்டி கனக்க ஓடுது, அது எங்கட பக்கத்துப் பிழைதான், நான் என்ட பெட்டிக்கு சிவப்பு ரிஃப்ளெக்டர் நாலு அடிச்சிருக்கன், வேற ஆக்களுக்கும் சொல்லித் திரியிறன். நல்ல லைட் உள்ள கார்க்காரனுக்கு அந்த ரிஃப்ளெக்டர் தூரத்திலயே மின்னும். மங்கின லைட்டுக்கு அது வேலை செய்யாது. அதால தம்பி லைட்டத் திருத்துங்க, ஆனா எங்கட கண்ணுக்கும் அடிக்காதீங்க.

கல்லடி விட்ஸ்
காக்கா, மீட்டர் வச்சுப் பாத்தன். பெற்றரியில 13.8, பல்ப்கிட்ட 12.2. கண்ணாடி மேல் பக்கம் நல்லா மஞ்சள், தடவினா சொரசொரப்பு. கடல்கரையில வீடு, கார் வெளியதான் நிக்கிற. காலையில பாத்தா உப்புப் பிசுபிசுப்பு வேற.

வயரிங் காக்கா (கல்முனை)
பாத்தீங்களா. 1.6 வோல்ட் வயரிலயும் சுவிட்சிலயும் காணாமப் போகுது. ஹலஜன் பல்புக்கு வோல்ட் கொஞ்சம் குறைஞ்சா வெளிச்சம் கனக்கக் குறையும், நேர் கணக்கில குறையாது, கிட்டத்தட்ட மூண்டரை மடிப் பெருக்கத்தில விழும். உங்கட கணக்குக்கு மூண்டில ஒரு பங்கு வெளிச்சம் வயருக்குள்ள போயிட்டு. அதோட மஞ்சள் கண்ணாடி. பல்புல பிழை இல்ல தம்பி.

முதல் வேலை ரிலே, அதாவது லைட்டுட பெரிய கரண்ட சுவிட்சால போகவிடாம தானே வெட்டித் தாற சாமான். டிம்முக்கு ஒண்டு, ஹை பீமுக்கு ஒண்டு, பெற்றரியில இருந்து பியூஸ் வச்சு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் நேரா பல்புக்கு, சொக்கட் பீங்கான்ல உள்ளது போடுங்க, பிளாஸ்டிக் உருகும். எர்த்தும் புதுசா தடிச்ச வயர்ல கார்ட பொடித் தகட்டில இறுக்குங்க, பெயின்ட சுரண்டிட்டு. ஒரு முக்கியமான விசயம், ஜப்பான் காரில கனக்கத்தில பல்புட பொதுக் கால் பிளஸ், சுவிட்ச் வெட்டுறது எர்த்த. சந்தையில வாற ரெடிமேட் ஹார்னஸ் (வயர்க் கட்டு) கனக்க மற்றமாதிரி, பிளஸ்ஸ வெட்டுற காருக்கு செஞ்சது. பாக்காமப் பூட்டினா லைட் பத்தாது, இல்லாட்டி ஹை பீம் சிக்னல் லைட் விடாம எரியும். டெஸ்ட் லாம்ப வச்சு எந்தக் கால்ல எப்பவும் கரண்ட் நிக்கிதெண்டு பாத்துட்டு வயர் இழுங்க. 100/90 வொட் பல்ப் எண்டு தாறத வாங்காதீங்க. சூட்டில ரிஃப்ளெக்டர் உள்ளுக்கு வெள்ளி உரிஞ்சு போகும், அதுக்குப் பிறகு என்ன பல்ப் போட்டும் பிரயோசனமில்ல. நீலம் பூசின "வெள்ளை" ஹலஜனும் வேணாம், அந்த நீலம் வெளிச்சத்த வடிக்கிறது. நல்ல கொம்பனி 60/55, தெளிஞ்ச கண்ணாடி, அது போதும்.

இரண்டாவது கண்ணாடி. அது பொலிகார்பனேட், வெயில்ட யூவி மேல் படையத் தின்னுட்டு. பற்பசை தேச்சா ஒரு மாசம் நல்லா இருக்கும், பிறகு பழைய கதை. தண்ணி விட்டுத் தேய்க்கிற மணல் தாள் 1000ல தொடங்கி 1500, 2000, 3000 எண்டு ஏறணும், தண்ணி விட்டு விட்டுத் தேய்க்கணும், ஒவ்வொரு தாளுக்கும் குறுக்கு மாத்தித் தேய்ங்க, அப்பதான் முன்னத்த கீறல் போச்சா எண்டு தெரியும். தேய்க்கக்குள்ள முதல்ல மஞ்சத் தண்ணி ஓடும், அது பழைய படை. வெள்ளையா ஓடத் தொடங்கினா அந்தத் தாள் முடிஞ்சுது. கொம்பவுண்ட் போட்டு மினுக்கிட்டு அத்தோட நிப்பாட்டக் கூடாது, யூவி தாங்குற கிளியர் கோட், நிறமில்லாத பூச்சு, அடிக்கணும். கன இடத்தில மினுக்கிக் காட்டிட்டு காச வாங்குவாங்க, கிளியர் அடிக்க மாட்டாங்க, கடல்கரை வெயிலுக்கு அது சில மாசத்தில திரும்ப மஞ்சளாகும். கேட்டு வாங்குங்க.

ஏறாவூர் ஸ்பீட்
காக்கா சரி, நான் கோவிக்கல்ல. ஆனா ஒரு கேள்வி. இவ்வளவு செஞ்சாலும் ஹலஜன் ஹலஜன்தானே. ப்ரொஜெக்டர் பூட்டினா? பொடியன்மார் லைட்ட சூடாக்கித் திறந்து உள்ளுக்கு பூட்டுறாங்க. அதுல டிம் வெளிச்சத்திட மேல் விளிம்பு நேரா வெட்டி விழும்தானே?

சுவிஸ் மட்டக்களப்பான்
விழும். ப்ரொஜெக்டர் எண்டா பல்புக்கு முன்னால ஒரு தகடு நிக்கும், தகட்டு விளிம்புதான் சுவத்தில நேர் கோடா விழுறது. ஒழுங்கான ப்ரொஜெக்டர் ஒழுங்காப் பூட்டினா நானே ஓம் எண்டுவன். ஆனா மூண்டு விசயம் பாருங்க.

இலங்கை, ஜப்பான், இங்கிலாந்து, இந்தியா எல்லாம் இடப்பக்கம் ஓடுற நாடு. டிம் கோடு இடது பக்கம் கொஞ்சம் ஏறி நிக்கணும், ரோட்டுக்கரைய காட்ட. நான் இரிக்கிற இடத்துக் கார்ட ப்ரொஜெக்டர் வலது பக்கம் ஏறும். அதக் கழட்டிக் கொண்டு போய் ஊரில பூட்டினா ஏறுற பக்கம் எதிர்ல வாறவன்ட முகத்துக்கு நேர. உடைச்ச காரில இருந்து வாற சாமான் எந்த நாட்டுக் கார் எண்டு கேளுங்க.

திறந்த லைட்ட திரும்ப ஒட்டக்குள்ள பழைய பசைய முழுக்க எடுத்துட்டு புது பியூட்டைல் பசை போடணும். இல்லாட்டி முதல் மாரிக்கே உள்ளுக்கு வேர்த்துக் கிடக்கும். பின்னுக்கு இரிக்கிற றப்பர் மூடியும் அப்பிடித்தான், எல்ஈடி பல்புட விசிறி மூடிக்குள்ள அடங்கல்ல எண்டு மூடிய வெட்டி விட்டிருப்பாங்க, அதால தூசியும் ஈரமும் ஏறி ரிஃப்ளெக்டர் செத்துப் போகும்.

மூண்டாவது பொலிஸ். 2025 ஜனவரியில கிளீன் ஸ்ரீலங்கா எண்டு தொடங்கினப்ப வாகனத்தில மேலதிகமாப் பூட்டின லைட் சாமான் எல்லாம் கழட்ட வச்ச கதை நீங்களே எனக்கு எழுதினயள்.

அம்பாறை பிரியஸ்
வொஷர் பக்கம் நான் கொஞ்சம் பேசுறன், என்ட பிரியஸ் 30ல எல்ஈடி லைட்டோட கொம்பனியே பூட்டி வந்தது. பம்பர்ல மூடி, உள்ளுக்கு குழாய், தண்ணி அமுக்கத்தில முன்னுக்கு நீண்டு அடிச்சிட்டு ஸ்பிரிங்கால திரும்புது. மழை நேரம் லொறிக்குப் பின்னால போகக்குள்ள அடிக்கிற சேத்துத் தண்ணிய நல்லா எடுக்குது, அத நான் மறுக்க மாட்டன். ஹைஏஸ் சொன்ன பூச்சிக்கு உதவாது, அதுவும் உண்மை.

வாங்கினவுடன ஒரு பக்கம் வெளிய வந்து திரும்பாம நிண்டுது. கழட்டிப் பாத்தா குழாய்க்குள்ள வெள்ளையா சுண்ணாம்பு. முந்தி வச்சிருந்தவர் கிணத்துத் தண்ணிதான் விட்டிருக்கார். எங்கட பக்கத்துக் கிணத்துத் தண்ணி கடினம், கரையோரம் உவர் வேற, சின்ன ஓட்டைய அடைச்சிரும். விநாகிரியில ஊற வச்சுத்தான் எடுத்தன். இப்ப ஃபில்டர் தண்ணி, இல்லாட்டி புடிச்ச மழைத்தண்ணி, வொஷர் மருந்து கொஞ்சம். பாத்திரம் கழுவுற சோப்பு விடாதீங்க, காஞ்சு படலமா நிக்கும், ராவில அதுதான் மினுங்கும்.

கல்லடி விட்ஸ்
அண்ணன் அப்ப விட்ஸ்க்கு வெளியால கிட் வாங்கிப் பூட்ட ஏலாதா? ஒன்லைன்ல தொகுதியா வருது, ரெண்டு ஜெட், பம்ப், ஹோஸ், ரிலே.

சுவிஸ் மட்டக்களப்பான்
ஏலும். என்ன வேணுமெண்டு சொல்றன், நீங்களே முடிவெடுங்க. முன் கண்ணாடி வொஷர் பம்ப் இதுக்குக் காணாது, அது சின்ன ஓட்டைக்கு மெதுவா அடிக்கிறது. லைட்டுக்கு தனிப் பம்ப், தடிச்ச ஹோஸ், ஒரு தரம் அமத்தினா ஒரு செக்கனுக்குக் கிட்ட மட்டும் ஓடி நிக்கிற ரைமர் ரிலே. ரெண்டு பக்கத்துக்கும் ஹோஸ் பிரியிற இடத்தில திருப்பி வராத வால்வ், அது இல்லாட்டி தண்ணி ஒழுகி டாங்கிக்கு திரும்பிப் போகும், அடுத்த தரம் காத்துத்தான் வரும். விட்ஸ்ட சின்ன டாங்கியில ரெண்டையும் ஓட்டினா தண்ணி கெதியா முடியும், அதால டாங்கியும் பெரிசாக்கணும். பம்பர் துளைக்கணும். ஜெட் கண்ணாடி நடுவுக்கு இல்ல, பல்புக்கு முன்னால வெளிச்சம் கூட வாற இடத்துக்கு பட்டு விரியிற மாதிரி கோணம் வைக்கணும்.

இவ்வளவும் செஞ்சு 55 வொட் ஹலஜனுக்கு முன்னால தண்ணி அடிக்கிறதுல என்ன லாபம் எண்டு நான் கேக்கிறன். என்ட எண்ணம், கொம்பனி வொஷரோட வந்த கார் எண்டா அதப் பராமரிங்க, கழட்டி எறியாதீங்க. இல்லாத காருக்கு துளை போடாதீங்க. அந்தக் காச ரிலேக்கும் கிளியர் கோட்டுக்கும் வைங்க.

அக்கரைப்பற்று ஹைஏஸ்
அதத்தான் நானும் சொல்ற. துணியும் போத்தலும்.

களுவாஞ்சிகுடி ரீச்சர்
லைட் எவ்வளவு உயரத்தில அடிக்கணும் எண்டு ஆரும் இன்னும் சொல்லல்லயே. எனக்கு அதுதான் முக்கியம்.

வயரிங் காக்கா (கல்முனை)
ரீச்சர் கேட்டது சரியான கேள்வி, எல்லாத்தையும் விட இதுதான் கடைசியா செய்யாம விடுற வேலை. டயர் காத்து சரியா வச்சு, ட்ரைவர் சீட்ல ஒராள் இருந்து, சமதரையில சுவத்துக்கு நேர நிப்பாட்டுங்க. பல்பு நடு எந்த உயரமோ அந்த உயரத்த சுவத்தில டேப்பால ஒட்டுங்க. பத்து மீட்டர் பின்னுக்கு எடுங்க. டிம் வெளிச்சத்திட மேல் விளிம்பு அந்த டேப்புக்கு பத்து சென்ரிமீட்டர் கீழ நிக்கணும். விட்ஸ் லைட் நிலத்தில இருந்து எழுபது சென்ரிமீட்டர் எண்டு வைங்க, அப்ப அந்த விளிம்பு எழுபது மீட்டர்ல நிலத்தத் தொடும். அந்தப் பத்து சென்ரிமீட்டர விட்டுட்டு டேப்போட சமனா வச்சா விளிம்பு நிலத்துக்கு இறங்கவே மாட்டுது, நேரா ரீச்சர்ட கண்ணுக்கு.

வேகத்தயும் சொல்லணும். 80ல போனா ஒரு செக்கனுக்கு 22 மீட்டர். கண்டு, காலத் தூக்கி பிரேக்கில வைக்க ஒண்டரைச் செக்கன், அதுக்கே 33 மீட்டர் போயிட்டு. பிறகு காஞ்ச ரோட்டில நிக்க இன்னும் 35 மட்டில. ரெண்டும் சேத்தா 70 மட்டில, அது உங்கட டிம்ட எல்லை, மழை எண்டா அதுக்கும் அங்கால. 60ல போனா ரெண்டும் சேத்து 45 மீட்டர் மட்டில நிக்கலாம். புணானையில டிம்ல போறயளா, 60க்கு மேல போகாதீங்க, என்ன லைட் போட்டிருந்தாலும்.

கல்லடி விட்ஸ்
வேலை முடிச்சாச்சு. பொது பிளஸ் எண்டு காக்கா சொன்னது என்ட காருக்கும் சரி, வயர்மேன் ஹார்னஸ மாத்திக் கட்டினார். இப்ப பல்ப்கிட்ட 13.5. கண்ணாடி தேச்சு கிளியர் அடிச்சம், 1500 தாள் முடியுமட்டும் பாலாத் தெரிஞ்சிது, வீட்டுக்காரி பழுதாக்கிட்டீங்க எண்டு ஏசினா, 3000க்குப் பிறகுதான் அவவுக்கு நிம்மதி. போன வெள்ளி வந்தன். வெலிகந்தைக்கு இஞ்சால ரோட்டில மாடு படுத்துக் கிடந்தது, கறுப்பு மாடு, டிம்லயே கண்டு ஆறுதலா நிப்பாட்டினன். எதிர்ல ஒரு பஸ்ஸும் எனக்கு திருப்பி அடிக்கல்ல. எல்லாருக்கும் பெரிய நன்றி.

ஒண்டு மட்டும். பின்னால மூண்டு பேரும் சாமானும் ஏத்தினா லைட் மேல போகுது, ஒவ்வொரு தரமும் ஸ்குரூ திருப்பிறதா?

வயரிங் காக்கா (கல்முனை)
ஸ்குரூவத் தொடாதீங்க, அது ட்ரைவர் மட்டும் இரிக்கிற காருக்கு வச்ச அளவு. ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் கீழ ஒரு சின்ன சக்கரம் 0, 1, 2 எண்டு இருக்கா பாருங்க. பின்னால பாரம் ஏற ஏற நம்பரக் கூட்டணும், லைட் கீழ இறங்கும். ஆக்கள் இறங்கினா திரும்ப 0. சக்கரம் திருப்பியும் லைட் அசையல்ல எண்டா பின்னுக்கு இரிக்கிற மோட்டர் இறுகியிருக்கும், கொண்டு வாங்க, கழட்டி கிரீஸ் போட்டுத் தாறன்.